பூவின் பெயரைப் பெண்ணுக்குச் சூட்டலாமா?

 

நிலக்கோட்டைப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள மடல் இம்மாதம் நம் முன் இருக்கிறது. ஒரு வீட்டின் கேள்வி போலத் தோன்றினாலும் பல வீடுகளுக்கும் உரிய கேள்வி அது. அவருடைய மகன் காரைக்காலில் பெண் எடுத்தவர். சம்பந்தி வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பல்லாண்டுகளாகப் பாரிஸ் நகரில் வாழ்பவர்கள். மகனும் மருமகளும் இப்போது அங்கேதான் இருக்கின்றனர். வல்ல அல்லாஹ்வின் அருளால் பேத்தி பிறந்திருக்கிறாள். அவளுக்கு 'ஃப்ளேர்' என்று பெயரிட மருமகள் விரும்புகிறார். பிரெஞ்சு மொழியில் அதற்குப் 'பூ' என்பதே பொருள்.

"தலைமுறை தலைமுறையாகப் பூ விளைவித்த குடும்பம் எங்களுடையது. பூ என்றால் எனக்கு என்ன வெறுப்பு? ஆனால் வாயில் நுழையாத பெயரைச் சொல்லி என் பேத்தியை எப்படிக் கூப்பிடுவேன்? மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா? சம்பந்தி வீட்டில் மனக்கசப்பு வராமல் இதை எப்படிச் சொல்வது?" என்று அச்சகோதரி கேட்கிறார்.

முதலில் மார்க்கத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு நல்ல பெயர் சூட்டுவது பெற்றோரின் கடமை. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயரிடும் வழக்கம் நாம் அனைவரும் அறிந்ததே. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் அருமை மகனுக்கு, அவர் பிறந்த மறுநாளே, தம் முப்பாட்டனாரான நபியின் பெயரால் இப்ராஹீம் என்று பெயர் சூட்டியதை அறிவித்ததும் நபிமொழி நூல்களில் உண்டு. ஆகவே நாள் பற்றி இறுக்கம் இல்லை. பொருள் பற்றித்தான் கவனம் இருந்தது. உமர் (ரலி) அவர்களின் மகளொருவருக்கு 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் ஒரு பெயர் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதை 'ஜமீலா', அதாவது அழகி, என மாற்றினார்கள். 'கரடுமுரடு' என்னும் பொருளில் 'ஹஸ்ன்' எனப் பெயர் கொண்டிருந்த ஒருவரிடம் 'ஸஹ்ல்', அதாவது இலகு, என மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அவரோ தந்தை வைத்த பெயரை விடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். வற்புறுத்தி மாற்றியதாகச் செய்தி இல்லை.

பெயர் அரபு மொழியில்தான் இருக்க வேண்டுமா என்றால், அப்படி ஒரு கட்டளை கிடையாது. இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் ஆகிய பெயர்களையே அரபு இலக்கண ஆசிரியர்கள் பிறமொழிப் பெயர்கள் என்றுதான் வகைப்படுத்துகின்றனர். நம் வீடுகளில் வழங்கும் நூர்ஜஹான், மும்தாஜ் பேகம், குல்ஜார், பர்வீன் போன்ற பெயர்களில் பாரசீகமும் துருக்கியும் கலந்து கிடக்கின்றன. இணைவைப்பின் சாயல் இல்லாமலும், இழிபொருள் இல்லாமலும், ஆணவம் தொனிக்காமலும் இருந்தால் போதும். 'பூ' என்னும் பொருளில் இவற்றுள் எந்தக் குறையும் இல்லை. ஆகவே அச்சகோதரி மார்க்கத்தை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

பூவின் பெயரைப் பெண்ணுக்கு இடுவது நமக்குப் புதியதா என்றால், அதுவும் இல்லை. யாஸ்மின் என்பது மல்லிகை. ரைஹானா என்பது நறுமணச் செடி. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக ரைஹான் சொல்லப்படுகிறது. கோடையில் சர்பத்தில் ஊறவைத்துப் போடுகிறோமே, அந்தச் சப்ஜா விதையைத் தரும் திருநீற்றுப் பச்சிலையையும் அரபு மக்கள் ரைஹான் என்றே அழைப்பர். தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவரையும் இவ்வுலகில் தமக்குக் கிடைத்த ரைஹான்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பாராட்டியதையும் நினைவில் கொள்ளலாம். வர்தா என்றால் ரோஜா. குல்னார் என்றால் மாதுளம்பூ. நர்கிஸ் என்னும் பூவின் பெயரில் நம் சமுதாயப் பெண்களுக்கென ஒரு மாத இதழே வெளிவந்தது.

இனி 'அந்நியப் பெயர்' என்ற தயக்கத்தைப் பார்ப்போம். பூக்களின் பெயர்கள் கடந்து வந்த தொலைவை அறிந்தால் அந்தத் தயக்கம் பெரிதும் குறையும். பாரசீகத்தின் யாஸமன் அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ப் பிரெஞ்சில் 'ஜஸ்மேன்' ஆயிற்று. ஸவ்ஸன் என்று நாம் அறியும் அல்லிவகைப் பூவின் பெயரும், பிரெஞ்சுப் பெண்கள் தாங்கும் 'சுசான்' என்னும் பெயரும் உடன்பிறப்புகள். எபிரேய மொழியின் ஷோஷன்னா இரண்டுக்கும் நெருங்கிய உறவு. எல்லாவற்றிலும் வியப்புக்குரியது நிலோஃபர். நம் தெருவில் இந்தப் பெயரில் ஒரு பிள்ளையாவது இருக்கும். இது பாரசீகப் பெயர் என்றே எண்ணுகிறோம். ஆனால் அதன் வேர் நம் நாட்டு நீலோற்பலம். குளத்தில் பூக்கும் அந்த நீலப்பூவின் வடமொழிப் பெயர் பாரசீகத்தில் நீலூஃபர் ஆகி, அரபு மருத்துவ நூல்கள் வழியே ஐரோப்பாவை அடைந்து, பிரெஞ்சில் 'நெனுஃபார்' என நின்றுவிட்டது. பிரான்சில் பெண்களுக்கு வைக்கும் 'லிலா' என்னும் பூப்பெயரும் அப்படியே. இளநீலப் பூக்கொத்துகள் தரும் ஒரு செடியின் பெயர் அது. அதன் வேரும் 'நீலம்' என்ற சொல்தான்.

பெயர் மட்டுமா, பூவும் பயணம் செய்ததே! திண்டுக்கல் பூச்சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் சம்பங்கி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த செடி. செவ்வந்தியின் பூர்வீகம் சீனம். அவை அந்நியம் என்று எவரும் சரம் தொடுக்க மறுப்பதில்லை. 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் வட்டத்துக்குள் நம் திண்டுக்கல் மாவட்டமும் அடங்கும். இந்த வட்டாரத்து மல்லிகையிலிருந்து வடிக்கும் மணச்சாறு பிரான்சின் வாசனைத் திரவிய நிறுவனங்கள் வரை போகிறது. தென்பிரான்சில் உள்ள கிராஸ் என்ற சிற்றூர் நறுமணத் தொழிலுக்கு உலகப் புகழ் பெற்றது. அதன் தொழில்திறனை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அங்கே பயிரிடப்படும் மல்லிகையோ நாம் பிச்சி என்றழைக்கும் இனம்.

பிரெஞ்சுக்காரர்கள் திண்டுக்கல்லுக்கும் புதியவர்கள் அல்லர். 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் படைத்தலைமையை ஏற்று வந்தபோது, புதுச்சேரி, திருச்சிப் பகுதிகளிலிருந்து பிரெஞ்சுத் தொழில்வல்லாரை வரவழைத்து இங்கே படைக்கலச் சாலை அமைத்தார் என்று வரலாறு கூறும். அதே ஹைதரின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் இடமே இன்றைய பேகம்பூர். ஒரு பெண்ணை நினைத்து ஓர் ஊர்ப்பகுதியே பெயர் பெற்ற நகரம் நம்முடையது. பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர்போன இவ்வூரில் 'பீரோ' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதுவும் பிரெஞ்சுச் சொல்தான்.

பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழர்கள் ஏற்ற வரலாறும் உண்டு. காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1881-இல் வெளியான ஓர் அரசாணை, தம் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர விரும்பும் இந்தியர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. புதுச்சேரியின் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் அப்போது ஏற்றுக்கொண்ட பெயர் 'லா போர்த்'. அதற்கு 'கதவு' என்று பொருள். ஒடுக்கப்பட்டோர் பலருக்கும் அந்தப் பெயர்மாற்றம் ஒரு கதவாகத்தான் தோன்றியது.

இத்தனையும் சொன்ன பிறகு, பிரெஞ்சு மண்ணிலேயே பூப்பெயர் ஒன்று பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரான்சில் பிள்ளைகளுக்கு நாள்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பழங்கால வரலாற்றில் வரும் பெயர்களையும் மட்டுமே இடலாம். பதிவாளர் மறுத்தால் மறுத்ததுதான். 1983-இல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பெற்றோர் 'ஃப்ளேர் த மரி' என்று பெயரிட விரும்பினர். 'மரியாளின் மலர்' என்பது அதன் பொருள். எழேன் சூ என்னும் நாவலாசிரியர் 1840-களில் எழுதிய புகழ்பெற்ற தொடர்கதையின் நாயகிக்கு உரிய பெயர் அது. நாள்காட்டியில் இல்லை என்று பதிவாளர் மறுத்தார். வழக்கு நடந்தது. 'ஃப்ளேர் மரி' என்று சற்றே மாற்றி வைக்க நீதிமன்றம் இசைந்தது, பெற்றோர் இசையவில்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 1996 அக்டோபரில் அந்த நீதிமன்றம், குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்படவில்லை என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. வீட்டிலும் வெளியிலும் அந்தப் பெண் அந்தப் பெயராலேயே தடையின்றி அழைக்கப்படுகிறாள் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இடையில், 1993 ஜனவரியில், பிரெஞ்சுச் சட்டமே மாறிவிட்டிருந்தது. இப்போது பெற்றோர் விரும்பும் பெயரை இடலாம். அது பிள்ளையின் நலனுக்குத் தீங்கு என்று தோன்றினால் மட்டுமே பதிவாளர் அதை அரசு வழக்கறிஞரின் கவனத்துக்குக் கொண்டு செல்வார்.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது பதின்மூன்று. பதின்மூன்று ஆண்டுகளாக ஏட்டில் ஏறாத பெயர், நாவில் ஏறி வாழ்ந்துகொண்டிருந்தது. பெயரின் உயிர் அதை அழைக்கும் குரலில்தான் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அதனால்தான் அச்சகோதரியின் மூன்றாவது கவலையை, அதாவது 'வாயில் நுழையவில்லை' என்பதை, சிறிய கவலை என்று நாம் ஒதுக்கமாட்டோம். 'ஃப்ளேர்' என்பதில் உள்ள உயிரொலி தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. நம் ஊர்ப் பள்ளியில் சேர்த்தால் 'ஃப்ளோர்' என்பார்கள். கேட்பவருக்குப் பூ நினைவுக்கு வராது. ஓடு பதித்த தரைதான் நினைவுக்கு வரும்! பிரான்சில் வழங்கும் 'கப்புசீன்' என்ற மற்றொரு பூப்பெயரை நம்மவர் கேட்டால் காப்பிக்கடைப் பலகையைத்தான் நினைப்பார்கள். வேடிக்கை என்னவெனில், அந்தப் பூவுக்கும் அந்தக் காப்பிக்கும் பெயர் கொடுத்தவர்கள் ஒரே துறவியர் கூட்டத்தார்தான்.

எழுத்திலும் கவனம் வேண்டும். பிர்அவ்னின் மனைவியாக இருந்தும் ஈமானில் உறுதியாக நின்ற ஆசியா அம்மையாரின் பெயர் போற்றுதலுக்குரியது. பெருமானார் (ஸல்) அவர்கள் மாற்றிய, 'மாறு செய்பவள்' என்னும் பொருளுடைய பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். அதுவும் ஆசியா என்றே வரும்! அரபு எழுத்தில் இரண்டும் வெவ்வேறு. தமிழ் எழுத்தில் ஒன்று. ஆகவே எந்த மொழிப் பெயராயினும் மூல எழுத்தையும் பொருளையும் அறிந்தவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே சூட்டவேண்டும்.

இங்கே ஒரு கேள்வியை நாமே எழுப்ப விரும்புகிறோம். பெண்ணுக்குப் பூவின் பெயரை இடும்போது அவளை என்னவாக எண்ணி இடுகிறோம்?

நிலக்கோட்டைப் பூச்சந்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியுமுன் அரும்பாகப் பறிக்கப்பட்டு, தராசில் நிறுக்கப்பட்டு, பனிக்காலத்தில் விளைச்சல் குறைந்தால் விலை ஏறி, வரத்து மிகுந்தால் விலை சரிந்து, மாலையில் மற்றவர் தலையில் ஏறி, மறுநாள் குப்பைக்குப் போவது பூவின் விதி. பெண்ணைப் பூவென்று கொஞ்சிவிட்டு, அவளுடைய திருமணத்தின்போது தராசு தூக்கி நகையின் எடை பார்க்கும் வீடுகள் நம்மில் இல்லையா? மென்மையானவள், வாடிவிடுவாள் என்று சொல்லியே அவளுடைய படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திய வீடுகள் இல்லையா? அப்படியானால் அந்தப் பூப்பெயரில் பாசம் இருக்கலாம், மதிப்பு இல்லை.

பாபர் பாதுஷாவின் பெண் மக்களுள் மூவரை எடுத்துக்கொள்ளுங்கள். குல்ரங், குல்சிஹ்ரா, குல்பதன். ரோஜா நிறத்தாள், ரோஜா முகத்தாள், ரோஜா மேனியாள் என்று மூவருக்குமே பூப்பெயர்கள். அவர்களுள் குல்பதன் பேகம்தான் தம் சகோதரர் ஹுமாயூனின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதியவர். 1575-இல் அரண்மனைப் பெண்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, 1582-இல் திரும்பினார். மொகலாய அந்தப்புரத்தை உள்ளிருந்து பார்த்து எழுதிய பெண்ணின் குரல் நமக்குக் கிடைப்பது அவரால்தான். ரோஜா மேனி என்றோ வாடிப்போயிற்று, எழுதியது வாடவில்லை.

பூப்பெயருக்கு நேர் எதிரான பெயர்களும் நம் மண்ணில் உண்டு. திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கத்துச் சிற்றூர்களில் 'போதும்பொண்ணு' என்ற பெயரைக் கேளாதவர் யார்? அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீட்டில், இனிப் பெண் வேண்டாம் என்ற வேண்டுதலைப் பிறந்த பிள்ளையின் தலையிலேயே எழுதிவிடும் வழக்கம் அது. அழைக்கும்போதெல்லாம் 'நீ வேண்டாதவள்' என்று நினைவூட்டும் பெயரைச் சுமந்து ஒரு பெண் எப்படித் தலைநிமிர்வாள்? மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் இதே பொருளில் 'நக்குசா' என்று பெயர் பெற்றிருந்த 285 சிறுமியருக்கு 2011 அக்டோபரில் அரசு விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தீய பொருளுடைய பெயரை நீக்கி 'ஜமீலா' என்று அழைத்த வழியைப் பின்பற்றும் நமக்கு அதன் அருமை நன்கு விளங்கும். பெண் குழந்தைகளின் உயிரைக் காக்கத் தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. 2001-இல் அது திண்டுக்கல் மாவட்டத்துக்கும் விரிவாயிற்று. இத்தகைய மண்ணில், பெண் பிறந்தாள் என்று மகிழ்ந்து பூவின் பெயர் தேடும் ஒரு தாய், எந்த மொழியில் தேடினாலும், நம் வாழ்த்துக்குரியவர். அச்சகோதரி முதலில் தம் மருமகளை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனி நம் கருத்து.

'ஃப்ளேர்' என்ற பெயரில் பாவம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு ஊர்களின் பிள்ளை. பாரிஸ் பள்ளியில் ஆசிரியை அழைக்கும்போதும், நிலக்கோட்டையில் நன்னிமா அழைக்கும்போதும் அவள் ஒரே பெயரில் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற பூப்பெயர்கள் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. யாஸ்மின் என்ற பெயர் பிரான்சின் முஸ்லிம் குடும்பங்களில் பெருவழக்கு. பிரெஞ்சு நாவுக்கும் தமிழ் நாவுக்கும் எளியது. நம் தோட்டத்து மல்லிகையையே குறிப்பது. மருமகளுக்குப் பிரெஞ்சுப் பெயரே வேண்டுமென்றால் 'லிலா' இருக்கிறது. அதன் வேர் நம் நாட்டு நீலம் என்று இருவீட்டாரும் மகிழலாம். இவற்றையும் ஏற்காமல் ஃப்ளேர்தான் என்றால், அதோடு மற்றொரு பெயரைச் சேர்த்து ஏட்டில் பதியட்டும். எது எந்த வீட்டில் கூப்பிடும் பெயர் என்பதைக் காலம் முடிவு செய்யும். நம் வீடுகளில் ஏட்டுப் பெயர் ஒன்றும் கூப்பிடும் பெயர் வேறொன்றுமாக எத்தனை பேர் இல்லை?

யோசனையைச் சொல்லும் முறையும் முக்கியம். "இந்தப் பெயர் வேண்டாம்" என்று தொடங்கினால் வழக்காகிவிடும். "பூப்பெயர் எனக்கும் பிடித்திருக்கிறது, என் நாவுக்கும் ஒரு பூ கொடு" என்று மருமகளிடம் தாமே பேசட்டும். சம்பந்தி வழியாகவோ மகன் வழியாகவோ சொல்லி அனுப்ப வேண்டாம். பெற்றவளின் முடிவே இறுதியாக இருக்கட்டும்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல். நம் நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பின்னர் தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் முதல் தேதியன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தை முடிவு செய்து, எல்லா ஆவணங்களிலும் அதையே எழுதுங்கள். ஓரிடத்தில் யாஸ்மின், ஓரிடத்தில் ஜாஸ்மின், மற்றோரிடத்தில் யாசுமின் பேகம் என்று எழுதிவிட்டால், பின்னாளில் ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்கும்போதும் வேலைக்குப் போகும்போதும் அலைய வேண்டியவள் அந்தப் பெண்தான்.

எந்தப் பெயரை வைத்தாலும், அதை அன்போடு அழைப்பதும், அந்தப் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் கல்லூரிச் சான்றிதழிலும் சொத்துப் பத்திரத்திலும் இடம்பெறச் செய்வதும் பெற்றோரின் பொறுப்பு. அந்தப் பச்சிளம் பிள்ளைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நிறைந்த கல்வியையும் நல்ல குணத்தையும் அருள்வானாக! சூட்டிய பெயரை அச்சகோதரி நமக்கு எழுதித் தெரிவித்தால் மகிழ்வோம்.